பாட்டுப் பெட்டிக்குக் காவல்

அந்த வீட்டில் பாட்டுப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது விட்டத்தில் தொங்கிய குண்டு பல்பைத்தான். பல்பு மஞ்சள் பூத்துச் சோர்ந்து எரிந்தால் கரண்டு குறைவு என்று அர்த்தம். பாட்டுக் கரகரக்கும், அடித்தொண்டையில் இழுக்கும், ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது. அதே பல்பு வெளுத்து, உள்ளே இருக்கும் இழை கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தால் கரண்டு கூடுதல். அப்போது வீட்டில் யாரும் பேச மாட்டோம். அக்கா மட்டும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பல்பையும், பாட்டுப் பெட்டியையும், அதற்கு முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மாமாவையும் மாறி மாறிப் பார்ப்பார். பகலிலும் அந்தப் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். வெளிச்சத்துக்காக அல்ல. கண் தெரியாத மனிதருடைய அறையில் வெளிச்சம் எதற்கு? கரண்டு எப்படி இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்வதற்காக அது எரிந்தது.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை. மாமா என்பது அந்த அண்ணனை. எழுபதுகளின் கடைசியில் நான் வாழப்பாடியிலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனேன். ராசிபுரத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை நீலமாகத் தெரியும் தூரத்தில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே தனியாக இருந்தது வீடு. நான் போவதற்கு முந்தின வருஷம்தான் மாமாவுக்குக் கண் போயிருந்தது. கிணற்றை ஆழப்படுத்தப் பாறைக்கு வேட்டு வைத்திருக்கிறார்கள். வைத்ததில் ஒன்று வெடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று கூட இருந்தவர்கள் சொல்ல, மாமா மட்டும் என்ன ஆயிற்று என்று பார்க்கப் படியில் இறங்கியிருக்கிறார். முகத்துக் காயங்கள் ஆறிவிட்டன. கண்கள் திரும்பவில்லை. நான் மணப்பெண்ணாக உள்ளே நுழைந்தபோது, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “வாம்மா, நல்லா இருக்கோணும்” என்று கை கூப்பினார். நான் நின்றிருந்தது வேறு பக்கம்.

அதற்கு முன்னால் மாமா எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த மாமா நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து மணி கேட்பவர். மணி என்ன என்பார். சொன்னால் தலையாட்டுவார். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் மறுபடியும் கேட்பார். யாரும் சலித்துக்கொண்டதில்லை. இருட்டில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டே போவது போல அவர் நேரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் லாரியில் வேலை பார்த்தார். வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். ஒரு முறை பம்பாய் வழியாக வந்தபோது, கம்பளியில் சுற்றிய பெரிய பொதியோடு வந்து இறங்கினார். உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டேப், ஆள் முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். முன்பக்கம் பூராவும் பளபளக்கும் உலோகம், உலோகத்திலேயே திருகுகள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மாமா அன்று மாலை வரை ஒவ்வொரு திருகாக விரலால் தொட்டுப் படித்தார். எது சத்தம், எது கனம், எது கீச்சு என்று கற்றுக்கொண்டார். முதல் பாட்டு அந்த அறையை நிரப்பியபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். நாதஸ்வரம் இடது பக்கத்திலிருந்தும் தவில் வலது பக்கத்திலிருந்தும் வருகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். கண் போன பிறகு அவருக்கு முன்னால் ஒரு இடம், அகலமும் நீளமுமாக, மறுபடி கிடைத்தது அன்றுதான். அதற்குப் பிறகு அவர் மணி கேட்கவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அக்காவைத் தவிர. அக்கா சந்தோஷப்படவில்லை என்று சொல்ல முடியாது. மாமா சிரித்தால் அக்காவின் முகமும் மலரும். ஆனால் அடுத்த நொடியே கண் அந்தப் பெட்டியின் பின்னால் போகும் ஒயரைத் தேடும். அக்கா பாம்பைக் கையால் தூக்கி எறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். முட்டுகிற எருமையைக் கயிறில்லாமல் அடக்குவார். கரண்டு ஒன்றுதான் அவருக்குப் பயம். சுவிட்சைக்கூட விரலால் தொட மாட்டார். மோர் கடையும் மத்தைக் காயவைத்துச் சமையலறைக் கதவோரம் சாத்தியிருப்பார். அதன் காம்பால்தான் விளக்கைப் போடுவார், அணைப்பார். புதிதாக வந்தவள் நான், முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில், மழை பெய்து ஓய்ந்த காலையில், ஏர் பூட்டிய இரண்டு காளைகள் ஈரக் காட்டுக்குள் போயிருக்கின்றன. மோட்டாருக்குப் போகும் கம்பி ஒன்று கீழே விழுந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. சோறு கொண்டுபோன அக்கா வரப்பில் நின்று பார்த்தார். காளைகள் இரண்டும் நுகத்தோடு மடங்கிப் படுத்தன. துள்ளவில்லை, கத்தவில்லை.

“சத்தமே இல்லீங் கண்ணு” என்றார். “படுத்து அசை போடுதுன்னுதான் நெனச்சேன். கிட்டப் போயிருப்பேன். ஓட்டுனவரு அங்கிருந்து கையக் காட்டலீன்னா நானும் அங்கயேதான்.”

அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை. மாறாக, அந்தப் பயம் எனக்கும் மெல்ல ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டுக்கு வந்த கரண்டு, பக்கத்து ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் அதே வரிசைக் கம்பத்திலிருந்து வந்தது. மில் ஓடும்போது பல்பு சோர்ந்து கிடக்கும். மில்லில் சங்கு ஊதி மோட்டார்களை ஒன்றாக நிறுத்தினால், அதுவரை அமுங்கிக் கிடந்த கரண்டு ஒரேயடியாக எழும்பும். பல்பு வெளுக்கும், ஃபேன் உறுமும், பாட்டு அதிரும். சங்கு கேட்டால் அக்கா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மாமாவின் அறைக்கு ஓடுவார். போய் ஒன்றும் செய்ய மாட்டார். நிலைப்படியில் நிற்பார், அவ்வளவுதான். மில் கணக்குப்பிள்ளை வீட்டு ரேடியோ அப்படி ஒரு நாளில் புகைந்து போயிற்று. இன்னொரு பயமும் இருந்தது. பாட்டுப் பெட்டியின் உலோக முகத்தில் மாமா விரல் வைத்தால் சில நாள் எறும்பு கடிப்பது போலச் சுருக்கென்று இழுக்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி தன்னோடு பேசுகிறது என்று வேடிக்கையாகச் சொல்வார். அக்கா மட்டும் அதற்குச் சிரிக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் அடுத்த முறை வந்தபோது ஸ்டெபிலைசர் வாங்க வேண்டும் என்று சொல்லி, வாங்குவதற்குள் ரிக் கிளம்பிவிட்டதால் போய்விட்டார். தை மாதத்தில் அக்காவும் நானும் பஸ் ஏறிச் சேலம் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ரேடியோ சாமான் விற்கும் கடை. கடைக்காரர் நடுவயதுக்காரர், பொறுமையானவர். எங்கள் செட்டைப் பற்றி விசாரித்துவிட்டு, முகப்பில் முள்ளோடு ஒரு மீட்டரும் பெரிய திருகும் இருந்த பெட்டியை எடுத்து வைத்தார். சாயங்காலம் கரண்டு குறைந்தால் இந்தத் திருகைத் திருப்பி ஏற்றிக்கொள்ளலாம், ராசிபுரம் பக்கம் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். விலையும் குறைவு. நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏத்தி வெச்சிருக்கறப்ப மில்லு நின்னு, கரண்டு தானா ஏறுச்சுன்னா என்னாகுமுங்க?”

“அப்பப் பாத்து எறக்கிக்கோணுமுங்க.”

“பாக்கறதுக்குக் கண்ணு வேணுமுங்களே” என்றார் அக்கா.

கடைக்காரர் எங்களைப் புரியாமல் பார்த்தார். யாருக்காக வாங்குகிறோம் என்பதை நான்தான் சொன்னேன். அவர் வேறொன்றும் பேசாமல் அந்தப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதில் திருக எதுவும் இல்லை. கரண்டு குறைந்தால் அதுவே ஏற்றும், கூடினால் அதுவே இறக்கும், ஒரு அளவுக்கு மேல் போனால் ஒரேயடியாக நிறுத்திவிடும் என்றார். அக்கா நம்பவில்லை. கடைக்காரர் சோதனைக்கு வைத்திருந்த ஒரு சக்கரத்தோடு பெட்டியை இணைத்து, மறுமுனையில் பல்பு மாட்டி, சக்கரத்தை மெல்லத் திருப்பினார். பெட்டிக்குள் ‘டக்’ என்றது. பல்பு அசையவில்லை. இன்னும் திருப்பினார். மறுபடி ‘டக்’. இன்னும் திருப்பியபோது பல்பு வெளுக்கத் தொடங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். வளையல் என் கையில் அழுந்தியது. ‘டக்’. பல்பு அணைந்தது.

அணைந்த பல்பைப் பார்த்து ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னார். கடைக்காரர் செய்தார். கூட்டம் இருந்தும் மூன்றாவது தரமும் செய்தார். பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது, வீட்டில் எர்த்து இருக்கிறதா என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை.

“இது செட்டத்தான் காப்பாத்துமுங்க. ஆளக் காப்பாத்தறது எர்த்து. குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பியப் பூமிக்குள்ள எறக்கோணும். அத மறந்துறாதீங்க.”

நாங்கள் மறக்கவில்லை. ஸ்டெபிலைசரை மாட்ட வந்த ஒயர்மேனிடம் அக்கா அதைத்தான் முதலில் சொன்னார். அவர் வாசலில் கடப்பாரையால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்தார். காய்ந்த சுக்காம்பாறை, இறங்கவில்லை. மழைக்குப் பிறகு குழி போட்டுக்கொள்ளலாம், இப்போதைக்கு நான் வழி செய்கிறேன் என்று பிளக் மாட்டும் பெட்டியைத் திறந்து, துண்டு ஒயரை வைத்து என்னவோ முறுக்கி மூடினார். மாமா பாட்டுப் பெட்டியின் முகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இழுக்கவில்லை. அக்கா அன்று சாமிக்கு விளக்கு வைத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் என்ன முறுக்கினார் என்பது எங்களுக்குத் தெரிய இன்னும் சில மாதங்கள் இருந்தன.

ஸ்டெபிலைசர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதுதான் வம்பாயிற்று. மில் நின்றால் ‘டக்’ என்று நிறுத்திவிடும். பாட்டு நடுவில் அறுந்து போகும். கரண்டு நிதானத்துக்கு வந்து, பெட்டி யோசித்து, மறுபடி விடும்வரை மாமா இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது பாட்டு நின்ற நேரம். அவருக்கு எல்லாமே நின்ற நேரம். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தாடையைக் கடித்துக்கொண்டு இருப்பார். முதலில் பொறுத்தார். பிறகு முணுமுணுத்தார். பங்குனியில் என் வீட்டுக்காரர் வந்தபோது, அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடு என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தயங்கினார். அண்ணன் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே இல்லை. அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்தார். “நின்னா நிக்கட்டுமுங்க. பாட்டு நாளைக்கும் வரும்.”

“எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணு” என்றார் மாமா. குரல் உயரவில்லை. “அதையும் அந்தப் பொட்டி நெனச்சாத்தான் கேக்கோணுமா? கண்ணுதான் போச்சு. உன்ற பயத்துக்கு என்ற காதையும் மூடச் சொல்றயா?”

அக்கா திரும்பிப் போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். அன்று அவர் சாப்பிட்டாரா என்று எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டெபிலைசரைக் கழற்றி அலமாரியின் மேல் வைத்தார். பாட்டுப் பெட்டியின் ஒயரை நேராகச் சுவரில் செருகினார். ரிக் கிளம்பியதும் அவரும் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. மில் சங்குக்கு முன்னாலேயே அக்கா எழுந்துவிடுவார். நானும் எழுந்துவிடுவேன். இரண்டு பேரும் நிலைப்படியில் நின்று, மாமாவுக்குத் தெரியாமல், அவருடைய கையைப் பார்ப்போம். அந்தக் கை திருகின் பக்கம் போனால் அக்காவின் மூச்சு நிற்பது எனக்குக் கேட்கும். மாமாவோ வெகு நாளுக்குப் பிறகு நிம்மதியாக இருந்தார். பாட்டோடு சேர்ந்து முனகக்கூடத் தொடங்கியிருந்தார்.

சித்திரையில் ஒரு மத்தியானம். காற்றே இல்லாத புழுக்கம். வாசலில் சீவிய மரவள்ளிக் கிழங்குச் சிப்புக் காயப்போட்டிருந்தோம். கொல்லிமலைப் பக்கம் கருத்தது தெரிந்தது. மழை வர இன்னும் நேரமாகும் என்று நினைத்துச் சாக்கை எடுக்கப் போனேன். அதற்குள் புழுதியைச் சுருட்டிக்கொண்டு காற்று வந்துவிட்டது. பின்னாலேயே கல்லெறிவது போலப் பெரிய துளிகள். அக்கா உள்ளே போய், பெட்டியை நிறுத்திவிடச் சொல்லி மாமாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. இந்தப் பாட்டு முடியட்டும் என்றார் மாமா. அள்ளியவரை அள்ளிக்கொண்டு நான் நனைந்து உள்ளே ஓடிவந்தேன். மாமாவின் ஜன்னல் திறந்திருந்தது. சாரல் தரையெல்லாம் ஓடியிருந்தது. அவர் கால் அந்த ஈரத்தில் இருந்தது. அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே எங்கோ கம்பி அறுந்து விழும் சத்தம், சாட்டையை வீசியது போல. பல்பு வெளுத்தது. மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு வந்து, வெள்ளையும் தாண்டி நீலம் பாய்ந்தது. அப்படி ஒரு நிறத்தை அதில் நாங்கள் பார்த்ததே இல்லை. ஃபேன் ஊளையிட்டது. பாட்டு ஊதிப் பெருத்து அறையே அதிர்ந்தது. மாமா முகத்தைச் சுளித்து, சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார். விரல் திருகைத் தொட்டதும் பெட்டிக்குள் ஏதோ வேட்டுப் போல வெடித்தது. பல்பும் வெடித்தது. கண்ணாடித் துண்டுகள் ஈரத் தரையில் விழுந்தன.

மாமாவின் கை திரும்பி வரவில்லை. உட்கார்ந்த வாக்கில் முன்னால் இழுபட்டு நின்றார். வாய் திறந்திருந்தது. சத்தமே இல்லை.

நான் அவர் தோளைப் பிடித்து இழுக்கப் போனேன். “தொடாத சாமி” என்றார் அக்கா. அந்தக் குரல் என்னை அறைந்து நிறுத்தியது. நான் நின்ற இடத்தில் நிற்க, அக்கா ஓடினார். மெயின் சுவிட்ச் வெளிச் சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே இருந்தது. இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி. மழைத் தண்ணீர் அதன் மேல் வழிந்துகொண்டிருந்தது. கதவோரம் மத்து சாத்தியிருந்தது. அக்கா அதைத் தாண்டித்தான் ஓடினார், எடுக்கவில்லை. செருப்பில்லாத காலோடு தேங்கிய தண்ணீரில் நின்று, நனைந்த வெறும் கையால் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார். இரும்பு இரும்பில் மோதிய சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. மாமா கட்டிலில் சரிந்து விழுந்தார்.

எங்கள் பக்கத்துக் கோடை மழை வந்த வேகத்தில் நின்றுவிடும். அன்றும் அப்படித்தான் நின்றது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. சுட்ட ரப்பர் நாற்றம். வேறு ஒரு சத்தமும் இல்லை. மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். அவர் மெல்ல இடது கையை எடுத்துத் தன் காதுகளைத் தடவிப் பார்த்தார். ஒரு காது, பிறகு மறு காது.

“பாட்டு நின்னுதா?” என்றார். “இல்ல, என்ற காது நின்னுதா?”

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஒரு வேட்டு அவருக்குக் கண்ணை எடுத்திருந்தது. இதோ முகத்துக்கு நேரே இன்னொரு வேட்டு, அதற்குப் பின் ஒன்றுமே இல்லாத அமைதி. “யாராச்சும் பேசுங்க” என்றார். நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. நிலைப்படியில் அக்கா நின்றிருந்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. அவருக்கும் குரல் வரவில்லை. உதடு மட்டும் ஆடியது. “பேசுங்க சாமி, யாராச்சும்” என்று மாமா மறுபடி கேட்டார். அதுவரை நான் கேட்டிராத குரல். நடுக்காட்டில் தனியாக விடப்பட்டவன் குரல்.

அக்கா கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மாமாவின் காதருகே வாயை வைத்து, “நான்தானுங்க. கேக்குதுங்களா?” என்றார்.

மாமா அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். “கேக்குது” என்றார். பிறகு, “இன்னொருக்காச் சொல்லு.”

அக்கா சொன்னார். அவர் இன்னொரு தரம் கேட்டார். அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாமாவின் இரண்டு விரல் நுனிகள் வெந்திருந்தன. ராசிபுரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள். மறுநாள் கம்பத்தில் கம்பியைக் கட்டினார்கள். அறுந்தது, வீடுகளிலிருந்து கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி. அது அறுந்தால் வீட்டுக்குள் வருவது இரட்டிப்பாகிவிடுமாம். ஆத்தூரிலிருந்து வந்த வேறொரு ஒயர்மேன் எங்கள் பிளக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை உதறினார். எர்த்துக் குழி போடாமல், எர்த்துக்கான முனையை அந்த நியூட்ரலோடேயே சேர்த்து முறுக்கியிருந்தது. கம்பி நன்றாக இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது, இழுப்புக்கூட இருக்காது. அறுந்த நொடியில் பாட்டுப் பெட்டியின் இரும்பு உடம்பு முழுவதும் கரண்டாகிவிடும். மூன்று மாதமாக மாமா தடவிக்கொண்டிருந்தது அதைத்தான். ஆத்தூர் ஒயர்மேன் அதை விளக்கி முடிப்பதற்குள் அக்கா வெளியே போய் வாந்தி எடுத்தார்.

சுக்காம்பாறையை உடைத்து, ஆள் ஆழத்துக்கு எர்த்துக் குழி வெட்டினார்கள். அக்கா பக்கத்திலேயே நின்று கரியும் உப்பும் கொட்டுவதைப் பார்த்தார். ஒவ்வொரு கோடையிலும், குழி காயக் கூடாது என்று, துளசிக்கு ஊற்றுவது போலக் காலையில் ஒரு குடம் தண்ணீர் அதற்கு ஊற்றுவார். பாட்டுப் பெட்டியைச் சேலத்தில் பழுது பார்த்தோம். ஒரு ஸ்பீக்கரில் கடைசிவரை லேசான கரகரப்பு இருந்தது. அலமாரி மேலிருந்த ஸ்டெபிலைசரை இறக்கி மாட்டச் சொன்னவர் மாமாதான். மெயின் சுவிட்சை அக்கா அதன் பிறகு தொட்டதே இல்லை. விளக்குப் போட மத்துதான்.

ஒன்றே ஒன்று புதிதாக வந்தது. ஸ்டெபிலைசர் ‘டக்’ என்று நிறுத்தினால், வீட்டில் யார் எங்கே இருந்தாலும் உடனே ஒரு குரல் கொடுக்க வேண்டும். மாமா அப்படிக் கேட்கவில்லை. அக்காதான் ஆரம்பித்தார். அடுப்படியிலிருந்து, “இருக்கேனுங்க” என்பார். மாட்டுக் கொட்டகையிலிருந்து நான் சொல்வேன். ஊருக்கு வந்திருக்கும்போது என் வீட்டுக்காரரும் சொல்வார். மாமா கட்டில் சட்டத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டார். பாட்டுத் திரும்பி வரும்வரை, கட்டில் கிரீச்சிட, குரல்கள் வந்த திசைகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு சாதனத்துக்கும் முன்னால் ஒரு பெட்டி காவல் இருக்கிறது. கரண்டு போவதும் வருவதும் யாருக்கும் தெரிவதில்லை. எப்போதாவது எல்லாம் அணைந்தால், ஆளுக்கொரு அறையில் அவரவர் பேசாமல் காத்திருக்கிறார்கள். நான் மட்டும் அந்த அமைதியில் கொஞ்சம் பயப்படுகிறேன்.

மாமா எண்பதுகளின் முடிவில், காய்ச்சலில் படுத்துச் சில நாளில் போனார். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, ஒரு சாயங்காலம் அக்கா மாமாவின் அறைக்குள் போய்ப் பாட்டைப் போட்டார். அவர் தானாகப் போட்டது அதுதான் முதல் தடவை. போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து அரிசி களைந்தார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாட்டுப் பாதியில் ‘டக்’ என்று நின்றது.

“இருக்கேனுங்க” என்றார் அக்கா.

சொல்லிவிட்டு அவர் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. அந்த அறையிலிருந்து கட்டில் கிரீச்சிடும் சத்தம் வர வேண்டிய நேரம் அது. வரவில்லை. நான் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்திலிருந்து கொஞ்சம் உரக்கவே சொன்னேன்:

“நானும் இருக்கேங்க்கா.”